நான்கு மூலைகளின் எடைக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்க மண் தடங்களில் ஓடும் பந்தயக் கார்களைப் பற்றி எழுதியிருந்தேன். முட்டை வடிவில், பெரும்பாலும் கால் மைல் முதல் அரை மைல் வரை நீளமுள்ள அந்தத் தடங்களில் கார்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது இடப்பக்கம் மட்டுமே திரும்பி ஓடுகின்றன என்றும், அதனால் அவற்றின் இடமும் வலமும் வேண்டுமென்றே வேறுவேறாக அமைக்கப்படுகின்றன என்றும் அதில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு, நான்கு சக்கரங்களும் தாங்கும் எடையை எப்படி அளப்பது, எப்படி மாற்றுவது என்று கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் அதை மட்டுமே பேசலாம்.

கேள்வி (டேட்டன், ஓஹியோ): ஐயா, வணக்கம். எங்கள் அண்டை வீட்டுக்காரர் ஒரு லேட் மாடல் (மூடிய உடற்கூடு கொண்ட ஒரு வகை மண் தடப் பந்தயக் கார்) வைத்திருக்கிறார். வார இறுதிகளில் நானும் போய் உதவுகிறேன். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் மின்னணுத் தராசுத் தட்டுகளை வைத்து எடை பார்த்தோம். முன் இடது 600, முன் வலது 480, பின் இடது 740, பின் வலது 580 பவுண்டு என்று வந்தது. இடப்பக்க எடையை 57 சதவீதமாக்க வேண்டும் என்று அவர் சொல்ல, ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங்கையும் இறுக்கித் தளர்த்தும் திருகுகளை ஒரு மாலை முழுவதும் திருகிப் பார்த்தோம். மற்ற எண்களெல்லாம் மாறுகின்றன, இடப்பக்க எண் மட்டும் அசையவில்லை. தராசில் கோளாறா?

பதில்: தராசு சரியாகத்தான் சொல்கிறது. திருகினால் மாறாத எண்ணைத் திருகி மாற்றப் பார்த்திருக்கிறீர்கள்.

வீட்டில் நாற்காலி ஆடினால் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கிறோம். அப்போது அட்டை வைத்த கால் மட்டும் கூடுதலாக அழுந்துவதில்லை. அதற்குக் குறுக்கே, எதிர் மூலையில் இருக்கும் காலும் சேர்ந்து அழுந்துகிறது, மற்ற இரண்டு கால்களும் அதே அளவுக்கு இளகுகின்றன. உட்கார்ந்திருப்பவர் நகராதவரை, இடப்பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து தாங்கும் எடையோ, பின்கால்கள் இரண்டும் சேர்ந்து தாங்கும் எடையோ மாறுவதே இல்லை. முக்காலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது மேடுபள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும். எந்தக் கால் எவ்வளவு தாங்குகிறது என்பதை உட்காருபவரின் இடம் மட்டுமே முடிவு செய்யும். நான்காவது கால் வந்த பிறகுதான் எடையை மூலைக்கு மூலை மாற்றிக்கொள்ளும் வசதியும், கூடவே உங்கள் ஒரு மாலையை விழுங்கிய குழப்பமும் வருகின்றன.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 2400 பவுண்டு. இடப்பக்கம் 1340, அதாவது 55.8 சதவீதம். பின்பக்கம் 1320, சரியாக 55 சதவீதம். முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 1220; இதுவே குறுக்கு எடை, 50.8 சதவீதம். பின் இடதுக்கும் பின் வலதுக்கும் உள்ள வித்தியாசம் 160 பவுண்டு. மண் தடத்துக்காரர்கள் இதை ‘பைட்’ என்கிறார்கள், குறுக்குச் சதவீதத்தைவிட இந்த எண்ணைச் சொல்லித்தான் அவர்கள் பேசுவார்கள். இப்போது பின் இடது திருகை இறுக்கி அந்த மூலையில் 20 பவுண்டு ஏற்றினால், முன் வலதிலும் 20 ஏறும், முன் இடதிலும் பின் வலதிலும் 20 குறையும். எண்கள் 580, 500, 760, 560 என்று ஆகும். இடப்பக்கம் அதே 1340, பின்பக்கம் அதே 1320. குறுக்கு எடை 52.5 சதவீதமாகவும் பைட் 200 ஆகவும் உயர்ந்துவிட்டன. ஒரே திருகை இறுக்கினால் அந்த மூலையில் காரின் உயரமும் மாறிவிடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் தேவையான மாற்றத்தை நான்காகப் பிரித்து, பின் இடதையும் முன் வலதையும் சிறிது ஏற்றி, மற்ற இரண்டையும் அதே அளவு இறக்குவார்கள். உயரங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்க, குறுக்கு எடை மட்டும் மாறும்.

இடப்பக்கச் சதவீதத்தை மாற்ற ஒரே வழி, உட்கார்ந்திருப்பவரை நகர்த்துவதுதான். அதாவது காரில் உள்ள கனமான ஏதாவது ஒன்றை உண்மையாகவே இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். பேட்டரி, ஓட்டுநர் இருக்கை, எடைக்காகவே காரில் கட்டும் ஈயக்கட்டி என்று பலவற்றை நகர்த்தலாம். வலப்பக்கச் சட்டத்தில் இருக்கும் 50 பவுண்டு ஈயத்தை 40 அங்குலம் இடப்பக்கமாக நகர்த்தினால், சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 66 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 50 ஐ 40 ஆல் பெருக்கி 66 ஆல் வகுக்க, 30 பவுண்டு இடப்பக்கம் சேரும். உங்கள் கார் 57 சதவீதத்தை எட்டிவிடும். ஈயத்தை நகர்த்தும்போது அதைத் தடிமனான போல்ட்டுகளால் இறுக்குங்கள். வெள்ளை வண்ணம் பூசி அதன்மேல் காரின் எண்ணையும் எழுத வேண்டும் என்பது பல தடங்களின் விதி. ஓட்டத்தில் கழன்று தடத்தில் கிடக்கும் ஈயக்கட்டி யாருடையது என்று தெரிய வேண்டாமா!

ஆனால் 57 என்ற எண் உங்கள் நண்பருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவரிடம் விசாரியுங்கள். தார்த் தடங்களில் அந்த அளவும் அதற்கு மேலும் விரும்பத்தக்கவை. மண் தடத்து லேட் மாடல்களில் ஐம்பது சதவீதத்துக்குச் சற்று மேலே இருப்பதே வழக்கம், உங்கள் 55.8 என்பதே சற்று அதிகம். உதிரி மண் படர்ந்த பரப்பில் வலப்பக்க டயர்களின் பரப்பில் துருத்தும் ரப்பர்க் கட்டைகள் அழுந்திக் கீழேயுள்ள இறுகிய களிமண்ணைப் பற்ற வேண்டும். அதற்கு அவற்றின் மீது எடை விழ வேண்டும். நான் அங்கிருந்தால் ஈயத்தைத் தொடமாட்டேன்.

பைட் எண்ணை இவ்வளவு பெரிதுபடுத்துவது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்களின் பின் அச்சில், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே சுழற்சியில் ஓடுகின்றன. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எந்தச் சக்கரத்தின் மீது எடை அதிகமோ அதுவே அதிகமாகத் தள்ளுகிறது. பின் இடது சக்கரம் கூடுதலாகத் தள்ளினால் காரின் மூக்கு வலப்பக்கம் போகப் பார்க்கும். அதனால் வளைவை விட்டு வெளியேறும்போது வால் வீசாமல் கார் நிதானமாக நிற்கும், அளவு மீறினால் திரும்பவே மறுத்து வெளிச்சுவரை நோக்கிப் போகும். இதைத்தான் ‘டைட்’ என்கிறார்கள். வளைவுக்குள் நுழையும்போது பிரேக் பிடித்தால் அதே எடை தலைகீழாக வேலை செய்கிறது. பின் இடது சக்கரம் கூடுதலாகத் தடுப்பதால் மூக்கு உள்ளே இழுக்கப்பட்டு, வால் ‘லூஸ்’ ஆகிறது. ஆக, பைட்டைக் கூட்டினால் கார் நுழைவில் லூஸ், வெளியேற்றத்தில் டைட். ‘கார் சரியில்லை’ என்று மட்டும் ஓட்டுநர் சொன்னால் திருகைத் தொடாதீர்கள். நுழைவிலா, நடுவிலா, வெளியேறும்போதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கேள்வி (இண்டியானாபோலிஸ் அருகிலிருந்து ஒரு வாசகர்): ஒரே காரை ஒரே நாளில் மூன்று முறை தராசில் ஏற்றினோம். மூன்று முறையும் வெவ்வேறு எண்கள். பைட் 120, 95, 140 என்று வருகிறது. எதை நம்புவது?

பதில்: மூன்றையும் நம்ப வேண்டாம். எடை பார்க்கும் வேலையில் திருகுவதற்கு ஆகும் நேரம் சொற்பம், அதற்கு முந்தைய ஆயத்தம்தான் மணிக்கணக்கில் இழுக்கும். அந்த ஆயத்தத்தைச் சுருக்கியவர்களுக்கு எல்லாம் இப்படித்தான் எண்கள் அலைகின்றன.

முதலில் தரை. தட்டுகள் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நீர்மட்டக் குழாயாலோ லேசர் மட்டத்தாலோ பாருங்கள். நான்கு சக்கரங்களிலும் ஸ்பிரிங்கின் விறைப்பு அங்குலத்துக்கு 200 பவுண்டு என்று கொண்டால், ஒரு தட்டு மட்டும் கால் அங்குலம் உயர்ந்திருப்பதே ஒவ்வொரு மூலையிலும் சுமார் 12 பவுண்டு பொய் சொல்லப் போதும். பைட் எண்ணில் அது 25 பவுண்டாகத் தெரியும். உங்கள் எண்களுக்கு இடையிலான தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கராஜ் தரைகள் தண்ணீர் வடிவதற்காகக் கதவுப் பக்கம் சரிவாகப் போடப்படுபவை என்பதை மறந்துவிடாதீர்கள். தட்டுகளுக்கு அடியில் மெல்லிய தகடுகளை வைத்து மட்டம் பார்த்த பிறகு, தட்டுகளின் இடத்தைத் தரையில் வண்ணத்தால் வரைந்துவைத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள்.

அடுத்து கார். பந்தயத்தில் ஓடப்போகும் அதே டயர்கள், அதே காற்றழுத்தம், திட்டமிட்ட எரிபொருள் அளவு, ஓட்டுநர் இருக்கையில் அவரோ அவர் எடைக்கு ஈடான மணல் மூட்டைகளோ. பெட்ரோல் ஒரு கேலன் சுமார் 6 பவுண்டு. டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் 10 கேலன் குறைந்தாலே பின்பக்கச் சதவீதம் ஒன்றுக்கு மேல் இறங்கிவிடும். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், பிரேக் பிடிக்காமல் இருக்கட்டும். காரைத் தூக்கி வைத்த உடனே எண்ணைப் படிக்காதீர்கள். ஜாக்கிலிருந்து இறங்கிய டயர்கள் பக்கவாட்டில் நசுங்கி, மூட்டுகள் இறுகி நிற்கும். முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் கையால் அழுத்திக் குலுக்கி, ஷாக் அப்சார்பர்களை அடங்கவிட்டுப் பிறகு பாருங்கள். முன்சக்கரக் கோணங்கள், பின் அச்சின் நேர்த்தி, காரின் உயரம் ஆகிய எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் தராசுக்கு வர வேண்டும். தராசில் எடை பார்த்த பிறகு உயரத்தைத் திருத்தினால் மொத்த வேலையும் வீண்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவற்றால் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய அணிக்கு நான் உதவிக்கொண்டிருந்தபோது, முந்தைய வாரக் குறிப்பைவிட பைட் 40 பவுண்டு குறைவாகக் காட்டியது. நள்ளிரவு வரை திருகி அதை மீட்டுவிட்டுப் பெருமையோடு படுக்கப் போனேன். காலையில் ஒரு பையன், பின் வலதில் மாட்டியிருப்பது பந்தய டயர் இல்லை, வண்டியை நகர்த்துவதற்காக மாட்டிய பழைய டயர் என்று சுட்டிக்காட்டினான். நாடாவை வைத்து அளந்தால் சுற்றளவு இரண்டரை அங்குலம் அதிகம். அதன் ஆரம் சுமார் 0.4 அங்குலம் கூடியதால் அந்த மூலை தூக்கப்பட்டு, நாற்காலிக் காலுக்கு அட்டை வைத்த கதையாகிவிட்டது. இல்லாத குற்றத்தைத் திருத்தி, இருந்த சரியை நான் கெடுத்திருந்தேன். அன்று முதல் எந்த எடைக் குறிப்பை எழுதினாலும் நான்கு டயர்களின் சுற்றளவையும் அழுத்தத்தையும் அதே தாளில் எழுதாமல் விடுவதில்லை.

கேள்வி (மெல்போர்னிலிருந்து ஒரு வாசகி): வார்ணாம்பூலில் நடக்கும் ஸ்பிரின்ட் கார் (மேலே இறக்கை வைத்த, சக்கரங்கள் வெளியே தெரியும் சிறிய கார்) பந்தயத்தை இரண்டு முறை குடும்பத்தோடு பார்த்திருக்கிறோம். அணிகள் கார்களைத் தயார்செய்யும் பிட் பகுதியில் நின்று கவனித்தபோது யாரும் தராசு வைத்து எடை பார்த்ததாகத் தெரியவில்லை. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே உலோகக் கட்டைகளைச் சொருகி ஏதோ செய்தார்கள். மேலும் பின் வலது டயர் பின் இடது டயரைவிட மிகப் பெரியதாக இருக்கிறதே, கார் கோணலாகப் போகாதா?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஸ்பிரின்ட் கார்களில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங் இல்லை. முறுக்குக் கம்பிகளே எடையைத் தாங்குகின்றன. அளவு தெரிந்த கட்டையை அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் காரை அதன்மேல் நிற்கவைத்துவிட்டு, முறுக்குக் கம்பியின் கை அச்சைத் தொடும் இடத்தைச் சுழி நிலையாகக் கொண்டு, அங்கிருந்து எத்தனை சுற்று திருகுவது என்று கணக்கிடுவார்கள். நான்கு கட்டைகளின் உயரங்களும் சுற்றுகளின் எண்ணிக்கையும்தான் அவர்களுடைய எடைக் குறிப்பு. ஓட்டுநரோடு சேர்த்துச் சுமார் 1400 பவுண்டு மட்டுமே உள்ள கார் அது. தலைக்கு மேலே 25 சதுர அடி இறக்கை வேகத்தில் அழுத்தும்போது நின்ற நிலையில் பார்த்த எடை வெகுவாக மாறிவிடும் என்பதால், தராசைவிடக் கட்டைகள் கைக்கு எளிது, பந்தயத்துக்குப் பந்தயம் அதே நிலைக்குத் திரும்பவும் உதவும். பட்டறையில் தராசும் வைத்திருப்பார்கள். நீங்கள் பார்த்தது பந்தய நாள் வேலை.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். கார் கோணலாகத்தான் போகும், போக வேண்டும் என்பதற்காகவே அப்படி. மேல் வாய் அகன்று அடி குறுகிய சில்வர் டம்ளரைப் படுக்கவைத்துத் தள்ளிப் பாருங்கள். அது நேராக உருளாமல் வட்டமிட்டு உருளும். பூட்டிய பின் அச்சும் அப்படித்தான். இரு பின் டயர்களின் சுற்றளவு வித்தியாசத்தை ‘ஸ்டேகர்’ என்கிறோம். லேட் மாடல் காரில் வலது 90, இடது 86 அங்குலம் என்று இருந்து, இரண்டுக்கும் நடுவே 66 அங்குலம் இருந்தால், அந்த அச்சு தானாகவே ஏறக்குறைய 120 அடி ஆரமுள்ள வட்டத்தில் உருள விரும்பும். ஸ்பிரின்ட் கார்களில் ஸ்டேகர் 10 அங்குலத்தைத் தாண்டுவதும் உண்டு. அதற்கு விலையும் உண்டு: நேர்ப்பாதையில் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போக வேண்டும், ஓட்டுநர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

இதை எடைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வலது டயரின் சுற்றளவு ஓர் அங்குலம் கூடினால் அதன் ஆரம் 0.16 அங்குலம் கூடும். முந்தைய பதிலில் சொன்ன ஸ்பிரிங்குகளில் அது ஒவ்வொரு மூலையிலும் 8 பவுண்டு, பைட்டில் 16 பவுண்டு குறைவு. ஆகவே டயரை மாற்றியதால் வந்த குணம் எது, எடை மாறியதால் வந்த குணம் எது என்று பிரித்தறிய விரும்புபவர், ஸ்டேகரைத் தொட்டதும் திருகால் அந்த 16 பவுண்டை ஈடுகட்டிவிட வேண்டும். பிட்டில் பத்து நிமிடமே கிடைக்கும் இரவில் இதை யார் செய்கிறார்கள் என்று கேட்டால், நல்ல அணிகள் அட்டவணை எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிவைத்திருக்கின்றன.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்): எங்கள் கல்லூரி அணி கட்டும் பந்தயக் காரில் குறுக்கு எடை 50 சதவீதம் இருக்க வேண்டும் என்று பேராசிரியர் கற்பித்தார். மண் தடக் கார்களுக்கு மட்டும் இது ஏன் பொருந்தவில்லை?

பதில்: உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. உங்கள் கோயம்புத்தூரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயைப் போல இடமும் வலமும் வளையும் தடத்தில், ஒரு பக்கத் திருப்பத்தில் கிடைக்கும் ஆதாயத்தை மறுபக்கத் திருப்பத்தில் இழக்க வேண்டிவரும் என்பதால் 50 சதவீதமே நியாயமான இலக்கு. நான்கு எண்களும் சமமாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். எஞ்சின் பின்னால் இருந்தால் பின்பக்கம் கூடத்தான் செய்யும். இரு குறுக்குக் கோடுகளின் கூட்டல் மட்டும் சமமாக இருந்தால் போதும். இடப்பக்கம் மட்டுமே வளையும் காருக்கு அந்த நியாயம் தேவையில்லை. ஆனாலும் உங்கள் 50 சதவீதம் மண் தடத்தில் பயனற்றது அல்ல. என்ன செய்தாலும் கார் வசப்படவில்லை என்னும்போது பலர் திரும்பிப் போய் நிற்கும் இடம் அதன் அருகில்தான்.

கேள்வி (நாஷ்வில், டென்னசி): மாலையில் முதல் தகுதிச் சுற்றில் எங்கள் நண்பரின் கார் அருமையாக ஓடியது. இரவு பத்து மணிக்கு இறுதிப் பந்தயம் வந்தபோது, திருகில் கை வைக்காமலேயே, அதே கார் வளைவை விட்டு வெளியேறும்போதெல்லாம் வால் வீசியது. எடை தானாக மாறுமா?

பதில்: கார் மாறவில்லை; தடம் மாறிவிட்டது. மாலையில் தண்ணீர் லாரிகள் நனைத்து, வண்டிகளை ஓட்டி அழுத்திய களிமண் பிசின் போலப் பற்றும். பந்தயங்கள் ஓட ஓட ஈரம் வற்றி, மேல் மண் டயர்களால் துடைக்கப்பட்டு வெளி ஓரத்தில் வரப்பு போலக் குவியும். அதைக் ‘குஷன்’ என்கிறார்கள். நடுவில் எஞ்சுவது சாணி மெழுகிய திண்ணையைப் போல மினுங்கும் வழுக்குப் பரப்பு. ஓஹியோவின் எல்டோரா போன்ற அரை மைல் தடத்தில் ஒரே இரவில் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம். 2021 முதல் 2023 வரை நாஸ்கார் நிறுவனம் உங்கள் மாநிலத்து பிரிஸ்டல் தடத்தின் கான்கிரீட் மீது மண்ணைக் கொட்டிப் பந்தயம் நடத்தியபோது, தார்த் தடங்களிலேயே வளர்ந்த அணிகள் பலவற்றைத் திணறவைத்ததும் இந்த மாற்றம்தான்.

எண்ணால் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வளைவில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறும் எடை என்பது, காரின் எடையைப் பக்கவாட்டு முடுக்கத்தாலும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கிச் சக்கர அகலத்தால் வகுத்தால் வருவது. 2400 பவுண்டு கார், 18 அங்குல உயரம், 66 அங்குல அகலம். ஈரத் தடத்தில் புவியீர்ப்பின் 0.7 பங்கு பிடிமானம் கிடைத்தால் சுமார் 458 பவுண்டு வலப்பக்கம் போகிறது. வழுக்குத் தடத்தில் 0.4 பங்குதான் என்றால் 262 பவுண்டு மட்டுமே. ஏறக்குறைய 200 பவுண்டு வலப்பக்க டயர்களுக்குப் போகாமல் நின்றுவிட்டது. முதல் பதிலில் தராசில் நாம் சண்டையிட்டது 20 பவுண்டுக்காக என்பதை நினைவில் கொண்டால், அந்த எண்களை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று புரியும். லேட் மாடல்களில் இன்னொன்றும் நடக்கிறது: ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின் இடது மூலையின் இணைப்புக் கம்பிகள் உடலை மேலே உயர்த்தி, சக்கரத்தைச் சற்று முன்னால் தள்ளிவிடுகின்றன. அந்த நிலையில் அந்த ஸ்பிரிங் என்ன தாங்குகிறது என்று தட்டையான தரையில் நிற்கும் காரைக் கேட்டால் தெரியாது. அதற்காகவே வசதியுள்ள அணிகள் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றி, ஓடும்போது இருக்கும் நீளத்துக்கு அழுத்தி அளக்கும் கருவிகளை வாங்குகின்றன.

உங்கள் நண்பருக்கு நடைமுறையாக என்ன சொல்வது? தடம் மினுங்கத் தொடங்கியதும் ஸ்டேகரைக் குறைக்கலாம், பைட்டை 20 முதல் 40 பவுண்டு வரை கூட்டலாம், பின் டயர்களின் அழுத்தத்தைச் சிறிது இறக்கலாம். சிலர் ஈயக்கட்டியை உயரே ஏற்றிக் கட்டுவதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். 100 பவுண்டு ஈயத்தை 20 அங்குலம் உயர்த்தினாலும், அந்த வழுக்குப் பரப்பில் கூடுதலாக மாறும் எடை 12 பவுண்டுதான்; செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையே முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்கிறேன். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிக் கார் தேறிவிட்டால், அடுத்த வாரம் எதைத் திரும்பச் செய்வது என்று தெரியாது; தேறாவிட்டால், எதைத் திருப்பி எடுப்பது என்றும் தெரியாது. இரவு முடிந்து வீடு திரும்பியதும், கழுவுவதற்கு முன்பு அல்ல, கழுவிய பிறகு, மீண்டும் தராசில் ஏற்றிப் பாருங்கள். அடிப்பகுதியில் ஒட்டிய களிமண் பல பவுண்டு இருக்கும், பெரும்பாலும் ஒரு பக்கமாகவே ஒட்டும்.

கேள்வி (கென்டக்கி): நான்கு தட்டுத் தராசு வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. தராசு மலிவாகும் முன்பு எல்லோரும் செய்தது அதுதான். மட்டமான தரையில் காரை நிறுத்தி, பின் அச்சின் சரி நடுவில் ஜாக்கை வைத்து மெதுவாகத் தூக்குங்கள். எடை குறைந்த சக்கரம் முதலில் தரையை விட்டு எழும்; பைட் உள்ள காரில் அது பின் வலதாகத்தான் இருக்கும். பின் இடது எழத் தொடங்கும் நேரத்தில் வலது டயருக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அது பவுண்டைச் சொல்லாது. ஆனால் கார் நன்றாக ஓடிய வாரத்தில் அந்த இடைவெளி இரண்டு அங்குலம் என்றால், அடுத்த வாரம் அதே ஜாக், அதே இடம், அதே டயர்களோடு மீண்டும் இரண்டு அங்குலம் வரும்வரை திருகலாம்.

பவுண்டிலேயே தெரிய வேண்டும் என்றால் குளியலறைத் தராசு ஒன்று போதும். உறுதியான பலகையின் ஒரு முனையைக் குழாய்த் துண்டின் மீதும் மறுமுனையைத் தராசின் மீதும் வைத்து, குழாயிலிருந்து நான்கில் ஒரு பங்கு தூரத்தில் சக்கரம் நிற்கும்படி அமையுங்கள். தராசு காட்டுவதை நான்கால் பெருக்கினால் அந்த மூலையின் எடை. பலகையின் சொந்த எடை காட்டும் அளவை முதலிலேயே படித்துக் கழித்துவிடுங்கள். அளக்கும்போது மற்ற மூன்று சக்கரங்களையும் பலகையின் உயரத்துக்குச் சமமான கட்டைகளின் மீது ஏற்றி வைக்க மறக்க வேண்டாம். மறந்தால் ஒரு காலுக்கு மட்டும் அட்டை வைத்த நாற்காலியைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.